பிராய்லர் குஞ்சுத் தீவனத்தில் எந்த அமினோ அமிலம், எந்த வடிவம், எவ்வளவு?

கேள்வி: வாழப்பாடி பக்கம் 3000 பிராய்லர் வளர்க்கிறேன். கம்பெனி ஒப்பந்தம் இல்லை. மக்காச்சோளமும் சோயாவும் வாங்கி நானே அரைத்துக் கலக்கிறேன். சேலத்தில் மருந்துக் கடைக்குப் போனால் மெத்தியோனினில் மட்டும் தூள், திரவம், எல்-மெத்தியோனின், மூலிகை மெத்தியோனின் என்று நாலு வகை காட்டுகிறார்கள். லைசினில் இரண்டு வகை. திரியோனின் தனி. இளம் குஞ்சுக்கு எது நல்லது, எதற்குக் காசு கொடுக்கலாம்?

பதில்:

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் அளவுக்கு டிஎல்-மெத்தியோனின் தூள், லைசின் ஹைட்ரோகுளோரைடு, எல்-திரியோனின் இந்த மூன்றும் போதும். திரவம் பெரிய மில்லுக்கு. எல்-மெத்தியோனினுக்குக் கூடுதல் விலை கொடுக்கத் தேவையில்லை. மூலிகை மெத்தியோனினை மெத்தியோனினுக்குப் பதிலாகப் போடாதீர்கள். ஏன் என்பதுதான் நீளமான பகுதி. அதைப் படித்துவிட்டால் நாளைக்குக் கடையில் ஐந்தாவதாக ஒரு பையைக் காட்டினாலும் நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

குஞ்சுக்கு 'புரதம் 22 சதவீதம்' என்று பை மேல் எழுதியிருப்பது ஒன்றும் செய்யாது. அந்தப் புரதம் உடைந்து வரும் அமினோ அமிலங்களைக் கொண்டுதான் அது தசையும் இறகும் கட்டுகிறது. அதில் ஒன்று குறைந்தாலும் வேலை அந்த இடத்திலேயே நின்றுவிடும். நம்மூர்த் தறியில் பாவு எத்தனை கெஜம் இருந்தாலும் ஊடை நூல் தீர்ந்தால் அதோடு துணி நின்றுவிடுவது மாதிரி. மிச்சம் இருக்கும் அமினோ அமிலங்களைக் கோழி சேர்த்து வைப்பதில்லை. கல்லீரல் அதைப் பிரித்து, நைட்ரஜனை யூரிக் அமிலமாக எச்சத்தில் தள்ளிவிடும். அதுதான் தேங்காய் நார் மெத்தையில் ஈரமாக இறங்கி, அம்மோனியாவாக உங்கள் கண்ணை எரிக்கிறது. காசு கொடுத்து வாங்கிய சோயா அது.

மக்காச்சோளம், சோயா இரண்டையும் வைத்துத் தீவனம் செய்தால் முதலில் தீர்வது மெத்தியோனின். அடுத்தது லைசின், மூன்றாவது திரியோனின். அதற்குப் பிறகுதான் வேலின், ஐசோலூசின், ஆர்ஜினின் எல்லாம். இந்த வரிசையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். முதலாவது குறையாக இருக்கும்போது மூன்றாவதை எவ்வளவு கொட்டினாலும் எடை ஏறாது.

சரி, ஒரு டன் ஸ்டார்ட்டர் தீவனத்துக்கு, அதாவது இளம் குஞ்சுக்குப் போடும் முதல் தீவனத்துக்கு, ஒரு கணக்குப் போடுவோம். மக்காச்சோளம் 550 கிலோ, 44 சதவீதப் புரதம் உள்ள சோயா புண்ணாக்கு 380 கிலோ, மீதி எண்ணெய், டிசிபி (டைகால்சியம் பாஸ்பேட்), சுண்ணாம்பு, உப்பு, பிரீமிக்ஸ் (வைட்டமின், தாதுக் கலவை). மக்காச்சோளத்தில் மெத்தியோனின் சராசரியாக 0.18 சதவீதம், சிஸ்டின் இன்னொரு 0.18. சோயாவில் மெத்தியோனின் 0.62, சிஸ்டின் 0.66. கூட்டினால் மெத்தியோனின் 3.35 கிலோ வரும். மெத்தியோனினும் சிஸ்டினும் சேர்ந்து 6.84 கிலோ. அமெரிக்க தேசிய ஆராய்ச்சிக் குழு 1994-இல் வெளியிட்ட அட்டவணை முதல் மூன்று வாரத்துக்கு மெத்தியோனின் 0.50 சதவீதம், இரண்டும் சேர்த்து 0.90 சதவீதம் கேட்கிறது. அதாவது டன்னுக்கு 9 கிலோ. கையில் இருப்பது 6.84. துண்டு விழுவது 2.16 கிலோ.

அது முப்பது வருஷத்துக்கு முந்தைய கோழிக்குப் போட்ட கணக்கு. இன்றைய பிராய்லர் இனங்கள் அதைவிட வேகமாக வளர்கின்றன. அவற்றின் கையேடுகளைப் பார்த்தால் முதல் வாரங்களில் டன்னுக்கு மூன்று கிலோவையும் தாண்டி டிஎல்-மெத்தியோனின் தேவைப்படும். ஏன் சிஸ்டினையும் சேர்த்துப் பார்க்கிறோம் என்றால், கோழி மெத்தியோனினிலிருந்து சிஸ்டினைச் செய்துகொள்ளும். சிஸ்டினிலிருந்து மெத்தியோனினைச் செய்யாது. இறகில் சிஸ்டின் நிறைய இருக்கிறது. குஞ்சு பஞ்சு உதிர்ந்து இறகு கட்டுவதே இந்த மூன்று வாரத்தில்தான். பதினைந்து நாளாகியும் முதுகு மொட்டையாக, ஒன்று பெரிசு ஒன்று சிறிசாக, ஒன்றையொன்று இறகு கொத்திக்கொண்டு இருந்தால் வெளிச்சத்தையும் இட நெருக்கடியையும் பார்த்த கையோடு மெத்தியோனினையும் சந்தேகப்படுங்கள்.

அதே தீவனத்தில் லைசின் எவ்வளவு? மக்காச்சோளம் 0.26, சோயா 2.69 சதவீதம்; கூட்டினால் டன்னுக்கு 11.65 கிலோ. 1994 அட்டவணைக்கு 11 கிலோ போதும். இன்றைய கையேடுகள் முதல் பத்து நாளுக்கு மொத்த லைசின் 1.4 சதவீதத்துக்கு மேல் கேட்கின்றன. 1.4 என்றே வைத்தாலும் 2.35 கிலோ குறைகிறது. அதை ஈடுகட்ட லைசின் ஹைட்ரோகுளோரைடு 3 கிலோ போட வேண்டும். திரியோனின் லைசினில் மூன்றில் இரண்டு பங்கு இருக்க வேண்டும் என்ற கணக்கில் சுமார் 1.3 கிலோ. நெஞ்சுக்கறிக்கு லைசின், குடல் சளிக்குத் திரியோனின் என்று சுருக்கமாக நினைவில் வைத்துக்கொள்ளலாம். குடல் சுவரைப் போர்த்தியிருக்கும் சளியில் திரியோனின் நிறைய இருக்கிறது. ரத்தக்கழிச்சல் அடிக்கடி வரும் ஷெட்டில் அதன் தேவை கூடும்.

இனி வடிவங்களுக்கு வருவோம். மெத்தியோனினில்தான் குழப்பமும் விளம்பரமும் அதிகம்.

டிஎல்-மெத்தியோனின் தூள் 99 சதவீதம் சுத்தம். ரசாயன முறையில் செய்வது, அதனால் பாதி 'டி' வடிவம், பாதி 'எல்' வடிவம்; இடது கையும் வலது கையும் மாதிரி ஒன்றுக்கொன்று கண்ணாடி பிம்பம். உடம்பு புரதம் கட்டுவது 'எல்' வடிவத்தில்தான். 'அப்போ பாதி வீணா?' என்று கேட்டுத்தான் எல்-மெத்தியோனினை விற்கிறார்கள். வீணில்லை. கோழியின் கல்லீரலிலும் சிறுநீரகத்திலும் இருக்கும் ஒரு நொதி 'டி'யை முதலில் கீட்டோ அமிலமாக்கி, பிறகு 'எல்' வடிவமாக மாற்றிவிடுகிறது. மெத்தியோனினுக்கு இந்த மாற்றம் கோழியில் ஏறக்குறைய முழுமையாக நடக்கிறது. முதல் வாரக் குஞ்சில் அந்த நொதி இன்னும் முழு வேகத்துக்கு வந்திருக்காது, அதனால் எல்-மெத்தியோனின் கொஞ்சம் மேல் என்று சில சோதனைகள் காட்டின. வேறு சில சோதனைகளில் இரண்டும் சமம்தான். அப்படி ஒரு சின்ன வித்தியாசத்துக்கு நீங்கள் கூடுதல் விலை கொடுக்க வேண்டாம். இரண்டும் ஒரே விலைக்குக் கிடைத்தால் எதை வேண்டுமானாலும் வாங்குங்கள்.

இந்தச் சலுகை லைசினுக்கும் திரியோனினுக்கும் கிடையாது. டி-லைசினைக் கோழியால் மாற்றவே முடியாது. அதனால்தான் அந்த இரண்டையும் சர்க்கரைப் பாகில் நுண்ணுயிரை வளர்த்து, நொதிக்க வைத்து எடுக்கிறார்கள். நுண்ணுயிர் 'எல்' வடிவத்தை மட்டுமே செய்யும். ஆகவே லைசின் பையில் 'எல்' என்று போட்டிருப்பதைத் தனிச் சிறப்பு என்று நினைக்க வேண்டாம்.

திரவம் என்று கடையில் சொல்வது அசலில் மெத்தியோனின் கிடையாது. மெத்தியோனினின் நைட்ரஜன் தொகுதி இருக்கும் இடத்தில் ஹைட்ராக்சி தொகுதி இருக்கும் ஓர் அமிலம். 88 சதவீதம் சரக்கு, 12 சதவீதம் தண்ணீர். உடம்புக்குள் போன பிறகு கோழி அதில் நைட்ரஜனைச் சேர்த்து மெத்தியோனினாக்கிக்கொள்கிறது. 100 கிலோ திரவம் எத்தனை கிலோ தூளுக்குச் சமம் என்பதில்தான் பல வருஷமாகச் சண்டை. திரவம் செய்பவர்கள் 88 கிலோவுக்குச் சமம் என்பார்கள். தூள் செய்பவர்கள் 65 கிலோதான் என்பார்கள். இரண்டு பக்கமும் சோதனை முடிவுகளை அடுக்குவார்கள்.

இந்தச் சோதனைகளை எப்படிப் படிப்பது என்று தெரிந்துகொண்டால் பாதி விளம்பரம் தானாக உதிர்ந்துவிடும். ஒரு நிறுவனம் தூள் கொடுத்த கோழியும் திரவம் கொடுத்த கோழியும் ஒரே எடை என்று அட்டவணை காட்டுகிறது என்று வையுங்கள். முதலில் கேட்க வேண்டியது, அடிப்படைத் தீவனத்தில் மெத்தியோனின் எவ்வளவு குறைவாக இருந்தது, எவ்வளவு சேர்த்தார்கள் என்பதை. தேவைக்கு மேல் சேர்த்திருந்தால் எந்தச் சரக்கைப் போட்டாலும் கோழி ஒரே எடைதான் வரும். வயிறு நிறைந்தவனுக்கு இன்னொரு கைப்பிடி சோறு எந்த அரிசி என்பது தெரியப்போவதில்லை. உண்மையான ஒப்பீடு குறைவிலிருந்து தொடங்க வேண்டும்: மெத்தியோனினே சேர்க்காத ஒரு கூட்டம், பிறகு ஒவ்வொரு சரக்கிலும் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிய மூன்று நாலு அளவுகள். எடை ஏறும் அந்தச் சரிவில் எது செங்குத்தாக ஏறுகிறது என்று பார்த்தால்தான் பலம் தெரியும். மெத்தியோனினே சேர்க்காத அந்தக் கூட்டம் இல்லாத சோதனையை நான் கணக்கில் எடுப்பதில்லை. நல்ல சோதனைகளில் இன்னொரு சாமர்த்தியமும் செய்வார்கள். தூளையே வேறு மாவில் கலந்து 65 சதவீதமாகத் தண்ணியாக்கி, அதையும் திரவத்தையும் கிலோவுக்குக் கிலோ போட்டுப் பார்ப்பார்கள். இப்படிச் செய்த சோதனைகளில் இரண்டும் சேர்ந்தே போனதைப் பலமுறை காட்டியிருக்கிறார்கள். அதனால் வாங்கும்போது 65 என்று வைத்துக்கொள்வதுதான் பத்திரம் என்பது என் கருத்து. தவறினாலும் கோழிக்கு நஷ்டம் வராது.

விலையில் இது எப்படிப் புரட்டிப்போடுகிறது என்று பாருங்கள். கணக்குக்காகத் தூள் கிலோ 300 ரூபாய், திரவம் 230 ரூபாய் என்று வைப்போம். 88 என்று நம்பினால், ஒரு கிலோ தூளுக்கு ஈடான திரவம் 261 ரூபாய், லாபம். 65 என்று வைத்தால் 354 ரூபாய், நஷ்டம். சரக்கு அதேதான், நம்பும் எண் மட்டும் மாறியது. திரவத்துக்குக் கடையில் சொல்லும் கடைசி விலையை எடுத்து 0.65-ஆல் வகுத்துப் பார்த்து, அப்போதும் தூளை விட மலிவாக வந்தால் வாங்கலாம்.

உங்களுக்கு அந்தக் கேள்வியே எழாது, வேறு காரணத்தால். திரவம் கடுமையான அமிலம். பீப்பாயில் வரும், பம்பு வைத்து மிக்சருக்குள் பீச்ச வேண்டும், துருப்பிடிக்காத குழாய் வேண்டும், கையுறையும் கண்ணாடியும் வேண்டும். மாதம் நூற்றுக்கணக்கான டன் அரைக்கும் மில்லுக்கு அது வசதி: தூசி இல்லை, எடை போட ஆள் வேண்டாம். வாளியில் மொண்டு தெளிக்கிற வேலைக்கு அது ஆகாது.

மூலிகை மெத்தியோனின். இதில் நான் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். மெத்தியோனினுக்கு உடம்பில் இரண்டு வேலை. ஒன்று புரதம் கட்டுவது. இன்னொன்று மீத்தைல் தொகுதி என்ற சிறு கார்பன் துண்டை உடம்பின் மற்ற வேலைகளுக்குக் கடன் கொடுப்பது. இரண்டாவது வேலையைக் கோலினும் பீட்டைனும் ஓரளவு பகிர்ந்துகொள்ளும். அதனால் கோலின் குறைவாக இருந்த தீவனத்தில் மூலிகைப் பொடியோ பீட்டைனோ போட்டால் கொஞ்சம் பலன் தெரியலாம். ஆனால் தசையிலும் இறகிலும் போய் உட்கார வேண்டியது மெத்தியோனின் மூலக்கூறேதான். டன்னுக்கு இரண்டு கிலோ குறைவதை ஈடுகட்ட இரண்டு கிலோ மெத்தியோனினே உள்ளே போக வேண்டும். எந்தச் செடியிலும் அந்த அடர்த்தி கிடையாது. 'உங்கள் பொடியில் மெத்தியோனின் எத்தனை சதவீதம்?' என்று எழுத்தில் கேளுங்கள். வரும் எண்ணை வைத்து முடிவெடுங்கள்.

குடிதண்ணீரில் விடும் அமினோ டானிக்கும் இதே கணக்குதான். பாட்டிலில் மெத்தியோனின் 2 சதவீதம் என்றும், 100 குஞ்சுக்கு 10 மில்லி என்றும் வைத்துக்கொள்வோம். ஒரு குஞ்சுக்குப் போவது 2 மில்லிகிராம். முதல் வாரத்தில் நாளுக்கு 20 கிராம் தீவனம் தின்னும் குஞ்சு, அதிலிருந்து 100 மில்லிகிராம் எடுத்துக்கொள்ள வேண்டும். இறக்கிய முதல் நாள் களைப்புக்கு டானிக் கொடுப்பது உங்கள் விருப்பம். தீவனக் குறையை அதை வைத்து அடைக்க முடியாது.

லைசினில் பைக்கு மேல் எழுதிய எண் ஏமாற்றும். 98.5 சதவீதம் என்று போட்ட லைசின் ஹைட்ரோகுளோரைடில் லைசின் 78.8 சதவீதம், மீதி ஹைட்ரோகுளோரிக் அமிலத்தின் எடை. 70 சதவீதம் என்று போட்ட லைசின் சல்பேட்டில் உண்மையான லைசின் சுமார் 55 சதவீதம். அதில் நொதித்த நுண்ணுயிரின் உடலும் கலந்திருக்கும், அதனால் பழுப்பாகக் குறுணையாக இருக்கும். அந்த நுண்ணுயிர்ப் புரதமும் கோழிக்குப் பயன்படும், தீங்கில்லை. சரியாகக் கணக்கிட்டுப் போட்டால் இரண்டிலும் கோழி ஒரே மாதிரிதான் வளர்கிறது. 3 கிலோ ஹைட்ரோகுளோரைடுக்கு 4.3 கிலோ சல்பேட் போட வேண்டும், அவ்வளவுதான். ஆகவே சல்பேட்டின் விலை மற்றதில் 70 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் மட்டும் லாபம். 200 ரூபாய்க்கு ஹைட்ரோகுளோரைடு, 150 ரூபாய்க்குச் சல்பேட் என்றால், லைசின் கிலோ கணக்கில் முதலாவது 254, இரண்டாவது 273. மலிவாகத் தெரிந்தது கையைக் கடிக்கும்.

ஹைட்ரோகுளோரைடு போடும்போது ஒன்றை மறந்துவிடாதீர்கள். அதன் எடையில் ஐந்தில் ஒரு பங்கு குளோரைடு. மூன்று கிலோ போட்டால் ஏறக்குறைய ஒரு கிலோ உப்பில் இருக்கும் குளோரைடு தானாக வந்துவிடுகிறது. அதன் மேல் வழக்கமான உப்பையும் போட்டால் குஞ்சு தண்ணீராகக் குடித்து, எச்சம் நீராகப் போகும். ஆகவே டன்னுக்கு ஒரு கிலோ உப்பைக் குறைத்து, சோடியத்துக்காகச் சமையல் சோடா ஒன்றரைக் கிலோ கிட்டச் சேருங்கள். சித்திரை வெயிலில் மூச்சு வாங்கும் கோழிக்கும் அந்தச் சோடா நல்லது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. லைசினைக் கண்டபடி ஏற்றினால் சிறுநீரகத்தில் ஆர்ஜினினைச் சிதைக்கும் நொதி கூடி, ஆர்ஜினின் குறைந்துபோகும். நாம் ஆர்ஜினினை உடம்பில் செய்துகொள்வோம். கோழியால் முடியாது, யூரியா சுழற்சியே அதற்கு முழுமையாகக் கிடையாது. லைசின் 100 என்றால் ஆர்ஜினின் 105 கிட்ட இருக்க வேண்டும். சோயா நிறையப் போடும் தீவனத்தில் இது பெரும்பாலும் தானாகச் சரியாகிவிடும். சேர்வராயன் மலை மேல், ஏற்காடு உயரத்தில் யாராவது பிராய்லர் வளர்த்தால் மட்டும் இதைக் கூர்ந்து பார்க்கச் சொல்வேன். கிட்டத்தட்ட 1500 மீட்டர் உயரம், இரவில் குளிர், காற்றில் ஆக்சிஜன் குறைவு. அங்கே வேகமாக வளரும் பிராய்லரின் இதயம் திணறி வயிற்றில் நீர் கோர்க்கும். நுரையீரல் ரத்தக் குழாயை விரிய வைக்கும் நைட்ரிக் ஆக்சைடு ஆர்ஜினினிலிருந்துதான் உருவாகிறது. ஆகவே மலையில் லைசினை இறுக்கிப் பிடித்து, ஆர்ஜினினைத் தாராளமாக விட்டு, முதல் இரண்டு வாரம் கோழியை அவசரப்படுத்தாமல் வளர்ப்பது நல்லது.

அப்புறம் நம் பக்கத்துச் சரக்குகள். ஆத்தூர், தலைவாசல் பக்கம் மரவள்ளி மாவும் ஜவ்வரிசி ஆலைத் திப்பியும் (மாவு எடுத்த பின் மிஞ்சும் சக்கை) மக்காச்சோளத்தை விட மலிவாகக் கிடைக்கும் காலத்தில் 'கொஞ்சம் கலந்தால் என்ன' என்று தோன்றும். திப்பியின் நாரைக் குஞ்சின் குடல் சமாளிக்காது, அதை மாட்டுக்கு விட்டுவிடுங்கள். மரவள்ளி மாவு மாவுச்சத்தில் மக்காச்சோளத்துக்கு இணைதான், ஆனால் புரதம் இரண்டரை சதவீதம் போல. டன்னில் 100 கிலோ மக்காச்சோளத்தை எடுத்துவிட்டு மரவள்ளி மாவு போட்டால், மெத்தியோனினும் சிஸ்டினும் சேர்ந்து 300 கிராம் போல உடனே குறைகிறது. அதோடு முடியவில்லை. மரவள்ளியில் மிச்சமிருக்கும் சயனைடை உடம்பு நஞ்சற்றதாக்கி வெளியேற்றக் கந்தகம் வேண்டும். அந்தக் கந்தகம் இதே மெத்தியோனின், சிஸ்டினிலிருந்துதான் போகிறது. மரவள்ளி கலந்த தீவனத்தில் குஞ்சு மொட்டையாகத் திரிந்தால் பெரும்பாலும் காரணம் இதுதான். முதல் 14 நாள் மரவள்ளி வேண்டாம். பிறகு கலப்பதாக இருந்தால் நன்றாகக் காய்ந்த சரக்காக வாங்கி, மெத்தியோனினைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

எள்ளுப் புண்ணாக்கில் மெத்தியோனின் சோயாவைப் போல இரண்டு மடங்கு, லைசின் பாதிக்கும் குறைவு. கடலைப் புண்ணாக்கு ஆர்ஜினினில் பணக்காரன், லைசினிலும் மெத்தியோனினிலும் ஏழை. அஃப்லடாக்சின் என்ற பூஞ்சை நஞ்சின் பயம் வேறு. குஞ்சுக்கு நான் அதைச் சேர்ப்பதில்லை. கருவாட்டுத் தூள் லைசின், மெத்தியோனின் இரண்டிலும் நல்லதுதான், மணலும் உப்பும் கலக்காமல் கிடைத்தால்.

எந்த லைசின் வாங்குவது என்று யோசிக்கும் நேரத்தில் பாதியைச் சோயாவைப் பார்ப்பதில் செலவிடுங்கள். குஞ்சு தின்னும் லைசினில் பெரும்பங்கு அங்கிருந்துதான் வருகிறது. ஆலையில் சோயா அதிகச் சூடு பட்டிருந்தால் லைசின் சர்க்கரையோடு ஒட்டிப் போய்விடும். ஆய்வறிக்கையில் லைசின் காட்டும், குடல் உறிஞ்சாது. கருஞ்சிவப்பாக, தீய்ந்த வாடையோடு இருக்கும் சோயாவைத் தொடாதீர்கள். சூடு பத்தாமல் இருந்தாலும் ஆகாது, புரதத்தைச் செரிக்கும் டிரிப்சின் நொதியைத் தடுக்கும் பொருள் உள்ளே அழியாமல் இருக்கும். ஆய்வகத்தில் பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் கரையும் புரதம் எத்தனை சதவீதம் என்று கேளுங்கள். 78 முதல் 85 வரை என்றால் நல்ல சரக்கு. நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி வளாகத்தில் தீவன ஆய்வகம் இருக்கிறது. வாழப்பாடியிலிருந்து எட்டாத தூரம் இல்லை.

2021-இல் சோயா விலை கண்மண் தெரியாமல் ஏறியது நினைவிருக்கும். அந்த ஆகஸ்டில் 12 லட்சம் டன் மரபணு மாற்றிய சோயா புண்ணாக்கை வெளிநாட்டிலிருந்து கொண்டுவர மத்திய அரசே அனுமதி கொடுக்க வேண்டி வந்தது. அப்படிப்பட்ட காலத்தில் லைசின், மெத்தியோனின், திரியோனின் மூன்றும் கையில் இருந்தால் மொத்தப் புரதத்தை ஒன்றிரண்டு சதவீதம் இறக்கி, சோயாவைக் குறைத்து ஓட்டலாம். புரதத்தில் ஒரு சதவீதம் குறைத்தால் எச்சத்தில் போகும் நைட்ரஜன் பத்து சதவீதம் கிட்டக் குறையும், ஷெட்டில் வாடையும் குறையும். அதற்குக் கீழே இறங்கினால் வேலினும் ஐசோலூசினும் குறுக்கே வரும், அந்த இரண்டையும் வாங்க வேண்டும். முதல் பத்து நாள் தீவனத்தில் இந்தச் சிக்கனமே வேண்டாம். 3000 குஞ்சும் முதல் 14 நாளில் தின்பது ஒன்றரை டன் போலத்தான். அதற்கு வேண்டிய மெத்தியோனின் மொத்தமே ஐந்து கிலோ. அந்த ஐந்து கிலோவில் மிச்சம் பிடித்து யாரும் பணக்காரர் ஆனதில்லை.

அதற்காகக் கூடுதலாகவும் போடாதீர்கள். அமினோ அமிலங்களிலேயே மிஞ்சினால் அதிகம் கெடுப்பது மெத்தியோனின்தான். தீனி குறையும், எடை இறங்கும். கலப்படம் இருக்குமோ என்ற பயத்தில் இரட்டிப்பாகப் போடுகிறவர்களைப் பார்க்கிறேன். அதற்குப் பதில் சரக்கைச் சோதியுங்கள். நல்ல டிஎல்-மெத்தியோனின் வெள்ளையாக, லேசாக மினுங்கும் படிகம். பையைத் திறந்ததும் வெந்த முட்டைக்கோஸ் மாதிரி ஒரு கந்தக வாடை வரும். ஒரு சிட்டிகையைப் பழைய கரண்டியில் போட்டு, வெட்டவெளியில் வைத்துச் சூடாக்குங்கள். கருகிப் புகைந்து நாறும், கடைசியில் சாம்பல் ஏறக்குறைய ஒன்றுமே நிற்காது. வெள்ளையாக அடியில் தங்கினால் சுண்ணாம்போ உப்போ கலந்திருக்கிறது. இன்னொன்று: 100 மில்லி தண்ணீரில் 10 கிராம் போட்டுக் கலக்குங்கள். லைசின் ஹைட்ரோகுளோரைடு கரைந்துவிடும். மெத்தியோனினில் மூன்று கிராம் போலக் கரைந்து மீதி அடியில் நிற்கும். முழுக்கக் கரைந்தால் சர்க்கரையோ யூரியாவோ கலந்த சந்தேகம். சந்தேகம் வந்தால் ஆய்வகத்தில் நைட்ரஜன் பார்க்கச் சொல்லுங்கள். சுத்தமான மெத்தியோனினைப் புரதக் கணக்கில் போட்டால் 58 சதவீதத்துக்குச் சற்று மேலே, லைசின் ஹைட்ரோகுளோரைடு 95 கிட்ட, திரியோனின் 73 கிட்ட வரும். ரொம்ப விலகினால் பையைத் திருப்பிக் கொடுங்கள்.

கலப்பதில்தான் சிறு பண்ணைகளில் காசு போகிறது. டன்னுக்கு மூன்று கிலோ என்றால் ஒரு கிலோ தீவனத்தில் மூன்றே கிராம். அதை நேரே மிக்சருக்குள் கொட்டினால் ஒரு மூலையில் தங்கிவிடும். மூன்று அமினோ அமிலத்தையும் பிரீமிக்ஸையும் முதலில் 20 கிலோ மக்காச்சோள மாவில் நன்றாகப் பிரட்டி, பிறகு பாதி நிறைந்த மிக்சருக்குள் தூவி, மேலே மீதியைப் போட்டு ஓட்டுங்கள். எண்ணெயைக் கடைசியில் விடுங்கள். முதலிலேயே விட்டால் தூள் உருண்டை கட்டும். தரையில் மண்வெட்டியால் புரட்டிக் கலக்கும் தீவனத்தில் எந்த வடிவம் நல்லது என்று ஒப்பிடுவதற்கே அர்த்தமில்லை.

கடைசியாக, உங்கள் ஷெட்டிலேயே ஒப்பிட்டுப் பார்க்க ஆசை இருந்தால் போன பேட்ச்சையும் இந்த பேட்ச்சையும் ஒப்பிடாதீர்கள். குஞ்சு, வெயில், சோயா எல்லாமே மாறியிருக்கும். ஒரே நாளில் ஒரே ஹேட்சரியிலிருந்து வந்த குஞ்சில் ஒரு பகுதியைக் கம்பி வலையால் தடுத்து ஆறு சிறு அறைகளாக்குங்கள், அறைக்கு 50 குஞ்சு. ஒன்று விட்டு ஒன்றாக, மூன்று அறைக்குப் பழைய கலவை, மூன்று அறைக்குப் புதியது. ஒரு பக்கம் முழுக்க ஒன்றைப் போட்டால் காற்று வரும் பக்கம் ஜெயித்துவிடும். ஏழாம் நாள், பதினாலாம் நாள், இருபத்தொன்றாம் நாள் அறையில் உள்ள அத்தனை குஞ்சையும் எடை போடுங்கள். கைக்கு அகப்பட்ட பத்தைப் பிடித்தால் மந்தமானதுதான் கையில் வரும். தீவனத்தை நிறுத்துப் போட்டு, மிச்சத்தை நிறுத்துக் கழியுங்கள். ஏழாம் நாள் எடை, இறக்கிய எடையைப் போல நாலு மடங்காவது வந்திருக்க வேண்டும். அது எந்த அறையிலும் வரவில்லை என்றால் புரூடிங் சூட்டையும் (குஞ்சுக்குக் கொடுக்கும் செயற்கைச் சூடு) தண்ணீரையும் முதலில் சரி செய்யுங்கள், அமினோ அமிலத்தைப் பிறகு பார்க்கலாம். மூன்று அறைக்கும் மூன்று அறைக்கும் இடையிலான வித்தியாசம் இரண்டு மூன்று சதவீதம்தான் என்றால் இரண்டும் சமம் என்றே எடுத்துக்கொண்டு, ஒரு கிலோ அமினோ அமிலத்துக்கு விலை குறைவாக வரும் பையை வாங்குங்கள்.